ஆறு நாள் காடு, ஐந்து நாள் தீவு

மனிதனுக்கும் காட்டு விலங்குக்கும் இடையே உள்ளது மனித குலத்தின் ஆதி உறவு. அந்த உறவைக் கட்டிக்காக்கும் பொறுப்பு பதினோரு வருடங்களாக, லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பல் டாக்டருக்கு எதிர் அறையில், அட்டையில் வெட்டி நிறுத்திய ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்து மேஜையில் இருந்தது. மேஜைக்குரியவரை எல்லோரும் ஆப்பிரிக்கா சார் என்றார்கள். அந்தப் பயண ஏற்பாட்டு நிறுவனத்தில் அவர்தான் ஆப்பிரிக்கா. ஐரோப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. அதற்குக் காற்று வரும்.

அவர் போட்டுக் கொடுக்கும் திட்டம் ஒன்றேதான். ஆறு நாள் காடு, ஐந்து நாள் தீவு. ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிச் சிங்கம் பார்த்துவிட்டு, கடலோரச் சாய்வு நாற்காலியில் இடுப்பைச் சரிசெய்துகொண்டு திரும்புவது. "காடு நம்மள உலுக்கும், தீவு தாலாட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கண்ணைத் திறக்கும்போது எதிரில் இருப்பவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஆப்பிரிக்கா சார் ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை.

போயிருக்க வேண்டியவர்தான். பதினோரு வருடம் முன்பு, எல்லாவற்றையும் நேரில் பார்த்து வரச் சொல்லி முதலாளி அனுப்பினார். அதற்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். போட்டால் ஓர் அட்டை தருவார்கள். அட்டை இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆப்பிரிக்கா சாருக்கு ஊசி என்றால் பயம். ஸ்பிரிட் வாசனை வந்தாலே வாசலைத் தேடுவார். தடுப்பூசி வரிசையிலிருந்து நழுவியவர், அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பெட்டியும் கையுமாகப் பக்கத்து ஊர் லாட்ஜில் ஒன்பது நாள் தங்கினார். காலையும் மாலையும் மொட்டை மாடி வெயிலில் நின்று கறுத்தார். இடது கன்னம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்துவிட்டது. ஜீப்பில் இடது ஓரம் உட்கார்ந்திருப்பார் என்று மற்றவர்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அவர் வராததைச் சொல்லியிருக்கக்கூடிய வெளிநாட்டு நிறுவனமும் அந்த மாதமே இழுத்து மூடிக்கொண்டது.

அனுபவங்களை வாடிக்கையாளர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வங்கி மேனேஜரின் செருப்பைக் கழுதைப்புலி கவ்விக்கொண்டு போனது. அடுத்த வாரம் அது ஆப்பிரிக்கா சாரின் செருப்பு. ஒரு தம்பதியின் கூடாரத்துக்குள் யானை தும்பிக்கையை நீட்டியது. மூன்று வருடம் கழித்து அதே தம்பதியிடம் அந்தத் தும்பிக்கையைத் தன் கதையாக எடுத்துவிட்டார். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, நமக்கும் இதே மாதிரி நடந்ததே என்று பெருமையோடு படியிறங்கினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு காண்டாமிருகம் அவரைத் துரத்தியது. அதை நம்பித்தான் மாமனார் பெண்ணைக் கொடுத்தார்.

பொய் இப்படிக் குடியும் குடித்தனமுமாக இருந்தபோதுதான் காலை நடைக் குழு வந்து சேர்ந்தது. மொத்தம் பத்தொன்பது பேர், எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி. தலைவி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, ஹெச்.எம். அம்மா என்றால்தான் தெரியும். அவருடைய பையைச் சுமந்துகொண்டு நாலடி பின்னால் வருபவர் கணவர். ஹெச்.எம். அம்மா மூன்று வாரம் தினமும் வந்து கேள்வி கேட்டு, பதிலை எல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்வி, நீங்களும் கூட வந்தால் என்ன தம்பி என்பது. ஆப்பிரிக்கா சார் அடக்கமாகச் சிரித்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, அவர் வருகிறார் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சாயங்காலமே இருபதாவது தொப்பி வந்துவிட்டது.

வீட்டில் மனைவி அதைத் தட்டில் வைத்து அழகு பார்த்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு உங்க காட்டுக்குத் திரும்பிப் போறீங்க. கண்ணு கலங்குதுங்க" என்றாள். கலங்கியது என்னவோ அவர் கண்தான். மாமனார் போன் பண்ணி, மாப்பிள்ளை இந்தத் தடவையாவது மிருகங்களிடம் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. அந்த மாதம் மழை, பாதையெல்லாம் சேறு என்று குழுவிடம் சொல்லிப் பார்த்தார். ஹெச்.எம். அம்மா நோட்டைப் புரட்டி, அதற்கு நேர் மாறாக அவரே சொன்னதைத் தேதியோடு வாசித்தார். கொசு என்றார். மாத்திரை போதும், பக்கம் பதினாலு. காட்டுக்குள் போகும் சின்ன விமானம் தூக்கிப் போடும், வயதானவர்களுக்கு ஆகாது என்றார். ஊஞ்சல் மாதிரிதான் இருக்கும், பக்கம் இருபத்திரண்டு. பதினோரு வருடமாக வாடிக்கையாளர்களின் ஒவ்வொரு பயத்துக்கும் அவரே செங்கல் செங்கலாகப் பதில் அடுக்கியிருந்தார். இப்போது பார்த்தால் நாலு பக்கமும் சுவர். கட்டிய கொத்தனார் உள்ளே.

பிறகு ஹெச்.எம். அம்மா சாதாரணமாக ஒன்று கேட்டார். மஞ்சள் காய்ச்சல் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லுமாமே, தம்பியுடையதை ஒருநாள் எடுத்து வந்தால் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

தடுப்பூசி மையம் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒன்றுதான். புதன்கிழமை மட்டும் திறக்கும். புறப்படப் பத்து நாளாவது இருக்கும்போது போட்டாக வேண்டும் என்பதால், மிச்சமிருந்தது ஒரே ஒரு புதன். அன்று காலை குழுவும் போகிறது. அவர்கள் போன பிறகு மதியம் நைசாகப் போய்ப் போட்டுக்கொள்வது, அட்டையைத் தேதி தெரியாதபடி கசக்கிப் பழசாக்குவது என்று முடிவு செய்தார். மூன்று நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிப் பழகினார். சுருட்டும் வரை நன்றாகத்தான் இருந்தது.

மதியம் போனால், பெஞ்சு பெஞ்சாக மஞ்சள் தொப்பி. மருந்து தாமதமாக வந்ததாம். இப்போதுதான் எல்லோருக்கும் போட்டு முடித்து, அரை மணி நேரம் உட்காரவைத்திருந்தார்கள். "பாருங்க, போட்டுக்க வேண்டியதில்லேன்னாலும் நமக்காக வந்திருக்கார்" என்றார் ஹெச்.எம். அம்மா. வலிக்காத கையால் தொடையில் தட்டிக் கைதட்டினார்கள்.

உள்ளேயிருந்து நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். ஒரு பாட்டிலில் பத்துப் பேருக்கு மருந்து. உடைத்தது இரண்டு பாட்டில். "ஒருத்தருக்கு மிச்சம் இருக்கு. யாரும் இல்லேன்னா கொட்டிடுவேன்."

அவர் கை பாதி வரை எழுந்தது.

"உங்களுக்கு எதுக்கு தம்பி?" என்றார் ஹெச்.எம். அம்மா.

அட்டை தொலைந்துவிட்டது என்றார். நர்ஸம்மா நல்ல மனுஷி. அதற்கெதற்கு ஊசி, எந்த வருடம் என்று சொன்னால் பழைய ரிஜிஸ்தரைப் பார்த்து நகல் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். வேண்டாம், சிரமம், பரவாயில்லை என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பேரையும் வருடத்தையும் ஹெச்.எம். அம்மாவே சொல்லிவிட, ரிஜிஸ்தர் வந்தது. நர்ஸம்மா விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தினார்.

"பேர் இருக்கு. ஊசிக்கு நேரா, பாத்ரூம் போனவர் திரும்ப வரலைன்னு எழுதியிருக்கே சார்."

பத்தொன்பது தொப்பிகளும் ஒரே நேரத்தில் திரும்பின. அட்டை இல்லாமல் பதினோரு வருடம் முன்பு விமானம் ஏறியிருக்க முடியாது என்பது பக்கம் மூன்றில் இருக்கிறது. ஹெச்.எம். அம்மாவுக்கு நோட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ அந்தக் காண்டாமிருகம்?"

"அது ஒரு கஸ்டமரோடதும்மா."

சொன்னதும் அவருக்கு மூச்சு சீரானது. மானம் போனால் போகட்டும், இனி ஊசியும் இல்லை, காடும் இல்லை, யாரும் கூப்பிடப் போவதில்லை என்று எழுந்து கதவைப் பார்த்தார். கதவை மறைத்துக்கொண்டு ஹெச்.எம். அம்மாவின் கணவர் பையோடு நின்றிருந்தார்.

முப்பது வருடம் ஹோம்வொர்க் செய்யாத பிள்ளைகளைப் பார்த்த முகம் ஹெச்.எம். அம்மாவுக்கு. திட்டவில்லை. அப்படியானால் தம்பி கட்டாயம் வந்தாக வேண்டும் என்றார். இத்தனை நாள் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டி, சரியா தப்பா என்று அவரையே நோட்டில் குறிக்க வைக்கப் போகிறாராம். பின்பெஞ்சில் யாரோ, சிங்கம் வந்தால் முன்னால் நிற்க ஒரு ஆள் வேண்டாமா என்றார்கள்.

"உக்காருங்க. கைய நீட்டுங்க" என்றார் ஹெச்.எம். அம்மா.

உட்கார்ந்தார். நீட்டினார். ஆப்பிரிக்கா விஷயத்தில் ஒன்றைப் பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தபடியே செய்தார். நாலு மஞ்சள் தொப்பிகள் தோளைப் பிடித்துக்கொண்டன. நர்ஸம்மா சட்டைக் கையைத் தூக்கினார். மேல்கையில் ஜில்லென்று ஏதோ பட்டது. ஆப்பிரிக்கா சார் அப்படியே சரிந்து நாற்காலியோடு சாய்ந்தார்.

தண்ணீர் தெளித்து எழுப்பியதும், போட்டாச்சா என்று கேட்டார். நர்ஸம்மா தட்டைக் காட்டினார். ஊசி உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பட்டது பஞ்சு.