பொத்தான் ஆலையின் மாடிக் கதவு

நகராட்சி அச்சடித்த ஊர் வரலாற்றில் மொத்தம் நூற்று எண்பது பக்கம். அதில் பொத்தான் ஆலை முதலாளியின் மீசைக்கு ஒரு முழுப் பக்கப் படம். அவர் ஆற்றைக் கடந்து வந்து இறங்கிய படகுக்கு இரண்டு பக்கம். ஆற்றுச் சிப்பியை அறுத்துப் பொத்தான் செய்யலாம் என்று அவருக்கு எந்த மரத்தடியில் தோன்றியது என்பதற்குத் தனி அத்தியாயம். முழங்கால் தண்ணீரில் நின்று அந்தச் சிப்பியை வாரியவர்களுக்கு ஒரு வரி. மாடி அறையில் மூச்சடைத்துச் செத்த பதினோரு பெண்களுக்கு மூன்று வரி. அந்த மூன்று வரியும் பொய்.

தச்சர் தொண்ணூற்று நான்காம் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். 'அட்டை தைக்கும் அறையில் ஏற்பட்ட தீயில் பதினோரு பெண்கள் உயிரிழந்தனர். வேலை நேரத்தில் படுத்து உறங்குவதற்காக அவர்கள் கதவை உள்பக்கம் தாழிட்டிருந்ததே அவர்களைக் காப்பாற்றத் தடையாயிற்று. ஆலை நிர்வாகம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது.' பதினோரு பேரில் ஒருத்தி அவருடைய அக்கா. வீட்டில்கூட அவள் பகலில் கண் அசந்து அவர் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் கை சும்மா இருந்தால் அவளுக்கு உடம்புக்கு ஆகாது. அவள் படுத்துத் தூங்கினாளாம்.

புத்தகத்தை அவர் கையில் கொடுத்தது நகராட்சி ஓவர்சீயர். மூடிக் கிடந்த ஆலையின் மாடி அறையைக் கண்காட்சி ஆக்குகிறார்கள். பழைய கதவு குடோனில் கிடைத்திருந்தது. அதை அதே இடத்தில் திரும்ப மாட்டவேண்டும். ஊரில் பழைய கீல் வேலை தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் இவரிடம் வந்தது.

"புத்தகத்துல உள்பக்கம் தாழ்னு இருக்கு பாருங்க. கதவுல வெளிப்பக்கம் இருக்கு. யாரோ மாத்தி அடிச்சிருக்காங்க," என்றார் ஓவர்சீயர். "அதைக் கழட்டி இந்த உள்பக்கம் அடிச்சிடுங்க. அப்புறம் இந்தப் பக்கம் பூரா ஏதோ பூச்சி அரிச்சு வச்சிருக்கு. மக்குப் பசை வச்சு அடைச்சு, பாலிஷ் போட்டுடுங்க."

"பூச்சி இல்ல சார் அது."

"பூச்சியோ புழுவோ, எனக்கு வழவழன்னு இருக்கணும். வியாழக்கிழமை காலையில திறப்பு விழா. முதலாளியோட பேரன் வர்றாரு."

கதவைத் திருத்தினால் புத்தகம் சரியாகிவிடும். எவ்வளவு சுலபமான வழி. புத்தகத்தைத் திருத்தலாம் என்பது மட்டும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

பூச்சி இல்லை என்று தச்சருக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஆலையில் வேலை செய்த யாருக்கும் தெரியும். மாடி அறையில் பெண்கள் பொத்தானை அட்டையில் வைத்துத் தைப்பார்கள், அட்டைக்குப் பன்னிரண்டு. ஊசி குத்தாமலிருக்க ஆளுக்கொரு பித்தளை உறை விரல் நுனியில் மாட்டியிருப்பார்கள். பொத்தானைத் திருடிவிடுவார்கள் என்று ஜன்னலுக்குக் கம்பி. மேஸ்திரி காலையில் அவர்களை உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவான். சாயங்காலம் கொடுத்த பொத்தானும் தைத்த பொத்தானும் சரியாக வந்தால்தான் கதவு திறக்கும். நடுவில் தண்ணீர் குடிக்க, ஒதுங்க, எதற்கானாலும் விரலுறையால் கதவைத் தட்டவேண்டும். ஒருத்தி தட்டினால் அவனுக்கு உறைக்காது. நாலு பேர் சேர்ந்து தட்டுவார்கள். பித்தளை மரத்தில் படும் அந்தச் சத்தத்துக்கு ஆலை ஆண்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மாடியில மழை. "மாடியில மழை பிடிச்சிருச்சுடா, மேஸ்திரி எங்க?" என்று கீழே சிரிப்பார்கள். கதவின் உள்பக்கம் நெஞ்சு உயரத்தில் இருந்த ஆயிரக்கணக்கான சின்னப் பள்ளங்கள் அந்த மழை விழுந்த இடம். அதைத்தான் மக்கு வைத்து அடைக்கச் சொன்னார் ஓவர்சீயர்.

தச்சர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே அதை எழுதியவர் வீட்டுக்குப் போனார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஊரில் அவருக்குச் 'சரித்திரம் சார்' என்று பெயர். ஒரு கேள்வி கேட்டால் மூன்று நூற்றாண்டு பின்னால் போய் அங்கிருந்து நடந்து வருவார்.

"சார், இந்தக் கதவுக்குத் தாழ் வெளியில. நான் பார்த்திருக்கேன்," என்றார் தச்சர்.

"நீங்க பார்த்திருக்கலாம். வரலாறுன்னா ஆதாரம் வேணும்." சரித்திரம் சார் அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். "விசாரணை அறிக்கை. கதவை இடிச்சுத் திறந்ததா மேஸ்திரி சொல்லியிருக்கார்."

"இடிச்ச கதவா சார் அது? ஒரு கீல் நெளியல. ஒரு பலகை விரியல. குடோன்ல போய்ப் பாருங்க."

"கதவு வந்து சாட்சி சொல்லுமா? மனுஷன் சொல்லியிருக்கானே." காகிதத்தைத் தள்ளித் தள்ளி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "வெளியில தாழ் போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? தட்டியிருப்பாங்க. இல்லையா? நேர் கீழே தச்சுப் பட்டறை. அங்க இருந்த ஒரு இளைஞன் சாட்சி சொல்லியிருக்கான். 'தட்டும் ஓசை எதுவும் கேட்கவில்லை.' தட்டவே இல்லைங்க. தூங்கியிருக்காங்க. நானா கட்டி எழுதல."

தச்சர் புத்தகத்தை மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். அந்த இளைஞனுக்கு அப்போது வயது பத்தொன்பது. இப்போது அறுபது. சரித்திரம் சார் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

தீப்பிடித்த அன்றைக்குத் தச்சர் பட்டறையில் பெட்டி மூடிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஆற்றங்கரையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். மாடியில் மழை பிடித்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிடித்தது. பக்கத்தில் இருந்தவனிடம், "இன்னிக்கு அடைமழைடா," என்று சொன்னது இவர்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மழை நின்றது. மேஸ்திரி வந்துவிட்டான் போல என்று இவர் அடுத்த பலகையை எடுத்தார். அட்டைக் குவியல் பெரிதாக எரியவில்லை, புகைந்தது, அவ்வளவுதான். அந்தப் புகையை யாரோ பார்த்து மாடிக்கு ஓடியபோது கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் மேஸ்திரி பட்டறைக்கு வந்து தோளில் கை போட்டான். "தம்பி, நீ ரம்பம் ஓட்டிட்டு இருந்தே. உனக்கு எப்படிக் கேக்கும்? யோசிச்சுச் சொல்லு. உன் வேலை வேற இன்னும் நிரந்தரம் ஆகல." இவர் யோசித்தார். மறுநாள் கோட்டுப் போட்ட ஒருவர், "தட்டறது கேட்டுதா இல்லையா?" என்று கேட்டார். "கேக்கல," என்றார் இவர். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. தூ.

சரித்திரம் சாரிடம் அதைச் சொல்லாமலேயே திரும்பி வந்தார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத மனிதர் எல்லார்மேலும் கோபப்பட்டார். வழியில் ஒரு சைக்கிளைத் திட்டினார். வீட்டில் தண்ணீர்ச் சொம்பைத் திட்டினார். அவர் மனைவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"சொம்பு என்னங்க பண்ணுச்சு உங்களை? கோபம் யார் மேலேயோ அவங்க மேல காட்டுங்க."

அவளும் அந்த மாடி அறையில் தைத்தவள்தான். அந்த வாரம் காய்ச்சலில் படுத்ததால் உயிரோடு இருக்கிறாள். அவரோடு குடோனுக்கு வந்தாள். கதவை இரண்டு பெஞ்சுமேல் உள்பக்கம் மேலாகப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் நெஞ்சு உயரத்துப் பள்ளங்களைத் தடவிப் பார்த்தாள். "இந்த இடம் என்னுது. நான் எப்பவும் கீல் பக்கம் நின்னுதான் தட்டுவேன்," என்றாள். பிறகு அவள் கை கதவின் கீழ்ப்பக்கத்துக்குப் போய் நின்றுவிட்டது.

"என்னங்க, இங்க பாருங்க."

கதவின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கொத்துப் பள்ளம். மேலே இருந்தவை மழுங்கிப் போயிருந்தன. இவை கூர்மையாக, ஆழமாக, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன.

"நின்னுகிட்டு யாரும் இங்க தட்ட முடியாது," என்றாள். "உக்காந்துகிட்டும் முடியாது. படுத்துகிட்டுத்தான் தட்டியிருக்காங்க."

தச்சர் மக்கு டப்பாவை எடுத்துச் சுவரில் அடித்தார். அது உடைந்து ஒழுகியது. நாற்பத்தொரு வருடமாக ஒரு மனிதன் எவ்வளவு அழுகையை அடக்கி வைத்திருக்க முடியுமோ அவ்வளவும் அங்கே வந்தது. மனைவி அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டாள். கடைசியில் அவளே கேட்டாள்.

"அன்னிக்கு உங்களுக்குக் கேட்டுச்சா?"

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவள் கேட்காத கேள்வி அது.

"கேட்டுச்சு."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க," என்று கீல் திருகாணிகளைப் பொறுக்கி அவர் கையில் போட்டாள்.

தச்சர் கதவை மாட்டினார். தாழ் இருந்த பக்கத்திலேயே இருந்தது, வெளியே. பள்ளங்கள் உள்ளே. கீலுக்கும் தாழுக்கும் எண்ணெய் விட்டு, சத்தமில்லாமல் ஓடுகிறதா என்று நாலு தரம் பார்த்துக்கொண்டார். திறப்பு விழாவுக்கென்று ஓவர்சீயர் கதவுமேல் பட்டுத் திரை தொங்கவிட்டிருந்தார். திரை அவருக்கும் கண்ணை மறைத்தது. இந்த ஊரில் எந்த வேலையையும் யாரும் திரையை விலக்கிப் பார்ப்பதில்லை, அந்த ஒரு நாள் அதுவும் நல்லதுக்குத்தான் ஆனது.

வியாழக்கிழமை காலை பேரன் வந்தார். தாத்தாவின் மீசை அவருக்கு இல்லை, ஆனால் தாத்தாவின் படத்துக்கு முன்னால் நிற்கும் தோரணை இருந்தது. நகராட்சித் தலைவி நாடாவை வெட்டினார். திரையைக் கயிறு இழுத்து ஒதுக்கினார்கள், கதவு விரியத் திறந்திருந்தது, எல்லாரும் உள்ளே போனார்கள். பேரன், தலைவி, சரித்திரம் சார், இன்னும் பதினைந்து இருபது பெரிய மனிதர்கள். இடம் போதாதவர்கள் படிக்கட்டிலும் கீழே முற்றத்திலும் நின்றார்கள். அவர்கள் கேட்பதற்காக ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பழைய ஆலை ஆட்களுக்கு எப்போதும்போல முற்றம்.

சரித்திரம் சார் மைக்கைப் பிடித்து, முதலாளிக்கு யோசனை தோன்றிய மரத்தடியிலிருந்து ஆரம்பித்தார். மெதுவாகத் தொண்ணூற்று நான்காம் பக்கத்துக்கு வந்தார். '...அவர்கள் கதவை உள்பக்கம் தாழிட்டிருந்ததே...' என்று ஒலிபெருக்கி முற்றமெங்கும் சொன்னது.

தச்சர் கதவைச் சாத்தித் தாழைப் போட்டார்.

பேச்சு முடிந்து கை தட்டினார்கள். யாரோ கதவைத் தள்ளினார்கள். மறுபடி தள்ளினார்கள்.

"யாருப்பா அது? கதவைத் திற," என்றது தலைவியின் குரல்.

"தாழ் உள்ளதான் இருக்குங்கம்மா," என்றார் தச்சர். "இப்பத்தானே சார் வாசிச்சாரு. தேடிப் பாருங்க."

கைகள் மரத்தைத் தடவும் சத்தம் கேட்டது. மேலே, நடுவில், ஓரத்தில்.

"இங்க தாழ் எதுவும் இல்லை," என்றார் சரித்திரம் சார். மைக் இன்னும் அவர் கையில் இருந்தது. முற்றத்தில் எல்லாருக்கும் அது கேட்டது.

"அப்ப தட்டுங்க சார். அவங்களும் அதைத்தான் செஞ்சாங்க."

ஓவர்சீயர் படியில் தாவி வந்தார். "யோவ், உனக்குப் பைத்தியமா? பெரிய மனுஷங்க உள்ள இருக்காங்கய்யா."

தச்சரின் மனைவி படியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. "அன்னிக்கு உள்ள இருந்தவங்களும் மனுஷங்கதான். உக்காருங்க, ரொம்ப நேரம் ஆகாது," என்றாள்.

உள்ளே பேரன் தட்ட ஆரம்பித்தார். முதலில் மரியாதையாக, விரல் மடக்கி. அவர் மோதிரம் மரத்தில் பட்டுச் சின்னச் சின்னதாகச் சத்தம் வந்தது. பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கீழே முற்றத்தில் நின்ற ஒரு பழைய மூட்டைக்காரக் கிழவர் பழக்க தோஷத்தில், "மாடியில மழை," என்று சிரித்தார். சொல்லி முடித்த பிறகே, என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். முற்றத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து சரித்திரம் சார் கத்தினார். "தச்சரே, நாங்க தட்டறது கேக்குதா இல்லையா?"

அதே கேள்வி. கோட்டுப் போட்டவர் கேட்ட அதே கேள்வி. தச்சர் வாயைக் கதவிடுக்குக்குக் கொண்டுபோனார்.

"கேக்குது சார். நல்லாக் கேக்குது. அன்னிக்கும் கேட்டுச்சு. கேக்கலைன்னு சாட்சி சொன்ன பட்டறைப் பையன் நான்தான். என் அக்கா உள்ள இருந்தா. நான் கீழ நின்னு சிரிச்சேன், அப்புறம் பொய் சொன்னேன்." மூச்சு வாங்கினார். "ஆதாரம் வேணும்னீங்களே, குனிஞ்சு கதவுக்குக் கீழ தடவிப் பாருங்க. தடவிட்டு எழுதுங்க. எழுதினதை மைக்குல வாசிங்க. வாசிச்சதும் திறக்கறேன்."

தட்டுவது நின்றது. உள்ளே யாரோ முட்டி போட்டுக் குனியும் சத்தம். அடிப்பலகையைக் கை தடவும் சத்தம். பிறகு ஒலிபெருக்கியில் சரித்திரம் சாரின் குரல் வந்தது, மைக்கைப் பார்த்துப் பேசாத குரல்.

"யார்கிட்டயாவது பேனா இருக்கா?"

தச்சர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.