மூணாம் நம்பர் டிரம்

சோப்புத் தூள் கலக்கும் எட்டு டிரம்களும் என் ஒரு கம்ப்யூட்டருக்கு அடக்கம். ஒவ்வொரு மோட்டாரையும் ஓட்டும் டிரைவ் பெட்டிக்கு ஒரு நம்பர். எட்டும் ஒரே கேபிளில் கோத்தவை. நான் மூன்று என்று கட்டளை அனுப்பினால் எட்டுக்கும் கேட்கும், மூன்று மட்டும் வேலையைச் செய்து பதில் சொல்லும். எங்கள் வீட்டில் அந்த ஒழுங்கு கிடையாது. யாரைக் கூப்பிட்டாலும் ஒருத்தரும் திரும்புவதில்லை.

அன்று காலை என் கணவரிடம் அதற்குத்தான் சண்டை. "இன்னிக்குப் பூரா என்கிட்ட பேசாதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் இதே ஆலையில் ஃபிட்டர்.

வேலைக்கு வந்ததும் ஏழாம் பெட்டி புகைந்தது. எலக்ட்ரீஷியனான என் கொழுந்தன் ஸ்டோரில் கிடந்த பழைய பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினான். திரையில் ஏழுக்கு நேராக 'பதில் இல்லை' என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்றும் விட்டுவிட்டுச் சிமிட்டியது.

"கேபிள்ல எங்கயோ லூசு, அண்ணி. பாத்துடறேன்" என்றான் போனில். "சும்மா நிக்கிறதுக்கு உள்ள ஒட்டின தூளையாவது சுரண்டறேன்னு அண்ணன் ஏழாம் டிரம்முக்குள்ள இறங்கிட்டாரு."

"பெட்டி ஆன்லயா இருக்கு?"

"ஆன்ல இருந்தாத்தானே பதில் வருதான்னு பாக்க முடியும்? ஏழுதான் ஊமையாச்சே, அது என்ன பண்ணிடப் போகுது?"

அவரையே கூப்பிட்டு வெளியே வரச் சொல்லலாம். ஆனால் பேசாதே என்று சொன்னவளே முதலில் பேசுவதா? பாழாய்ப்போன வீம்பு.

அதற்குள் மேனேஜர் வந்து மேசையைத் தட்டினார். மூன்றில் போட்ட சரக்கு இறுகுகிறதாம். ஓட்டுவதற்கு முன் மைக்கில் நம்பர் சொல்வது எங்கள் ஆலையின் கட்டாயம். அந்த நம்பர்காரர்கள் விலகுவார்கள், மற்றவர்கள் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள்.

"மூணு ஓடுது! மூணுகிட்ட யாரும் நிக்காதீங்க!"

பொத்தானை அழுத்தினேன்.

டிரம் கிளம்பும்போது ஒரு உறுமல் கேட்கும். அன்று இரண்டு கேட்டன. ஒன்று மூன்றின் பக்கம். இன்னொன்று கடைசியிலிருந்து, ஏழு இருக்கும் பக்கத்திலிருந்து.

அப்போதுதான் உறைத்தது. ஸ்டோரில் கிடந்தது போன மாதம் மூன்றிலிருந்து ரிப்பேருக்குக் கழற்றிய பெட்டி. இடம் மாறினாலும் அதற்குள் இருக்கும் நம்பர் நாம் மாற்றாமல் மாறாது. இரண்டும் சேர்ந்து பதில் சொன்னதால்தான் திரை குழம்பிச் சிமிட்டியிருக்கிறது. ஏழு ஊமையே இல்லை. அது தன்னை மூன்று என்று நினைத்துக்கொண்டு என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நிறுத்து என்று அழுத்தினேன். 'மூன்று: பதில் இல்லை.' நின்றதா இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி அழுத்திவிட்டு ஓடினேன்.

கொழுந்தன் மெயினை இறக்கிவிட்டு, முகம் வெளிறிப்போய் நின்றான். ஆள் இறங்குவதற்காக மேலே பார்த்திருந்த ஏழின் வாய் இப்போது சுவரைப் பார்த்திருந்தது. உள்ளிருந்து வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க!"

வாய்க்குள் தலையை விட்டு மறுபடி கத்தினேன்.

இருட்டுக்குள் ஒரு இருமல். கலக்குத் தகட்டுக்கும் டிரம்மின் சுவருக்கும் நடுவே அவர் கால், இருக்கக் கூடாத விதத்தில் மடங்கியிருந்தது.

"நீ சொன்னது கேட்டுதும்மா" என்றார். "மூணுன்னுதானே சொன்ன? அதான் நான் வெளிய வரல."

கொழுந்தன் ஆட்களைக் கூப்பிட ஓடினான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.