பூட்டிய காணியில் சல்வினியா

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லையே? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளவத்தைக் கால்வாயில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கால்வாய் துப்புரவு வேலை செய்யும் யோசெப்பின் விடிய ஐந்தரைக்கே இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். இரும்பு வாரியை எறிந்து இழுத்தால் தண்ணீரில் மிதக்கும் சல்வினியாக் களை ஈரக் கம்பளிபோலக் கனத்து வரும். தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருக்கும். முந்தாநாள் வழித்துத் துடைத்த கால்வாய், ஒரு மழையோடு மறுபடியும் பச்சை.

அது எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குத் தெரியும். கரையோரம் நாகேந்திரம் முதலாளியின் காணி. அடுக்குமாடி பிளாட் கட்டத் தோண்டிய கிடங்குக் குழி மூன்று வருடமாகத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. மழைக்கு மதில் ஓட்டையால் களை வழிகிறது. டெங்குவைப் பரப்பும் நுளம்பு பெருகுவதும் அங்கேதான். கூட வேலை செய்யும் டெனிஷா, டெங்குவோடு பொரளை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் செக் பண்ண வருவினம். களை இருந்தா உங்கட செற் முழுக்க வேலையால நிப்பாட்டு!" சூப்பர்வைசர் றேமண்ட் கரையில் நின்று கத்தினான்.

பக்கத்தில் களை அள்ளிக்கொண்டிருந்த ரபீக்கா வாரியைப் போட்டாள். "அந்தக் குழி அங்க ஈக்கும் வரைக்கும் நாங்க அள்ளி என்ன, அள்ளாட்டி என்ன? வா, முதலாளிட கேட்டத் தட்டுவோம்."

ஆறு பெண்கள் சேறு சொட்டச் சொட்டப் போய் நின்றார்கள். முதலாளி கேற்றை ஒரு சாண் திறந்தார்.

"என்ன, ஊர்வலமோ?"

"ஐயா, கிடங்கில உள்ளதையும் நாங்களே எடுக்கிறம். உள்ள விடுங்கோ," என்றாள் யோசெப்பின்.

"கால்வாய் கவுன்மென்றின்ர. காணி என்ர. உங்கட எல்லைக்குள்ள நில்லுங்கோ."

"நுளம்பு காணி உறுதிப் பத்திரம் பாத்தோ கடிக்குது, ஐயா?"

"களையை ஆர் கொண்டந்து போட்டது? மதிலுக்கு மேலால எறிஞ்சது நீங்கள்தானே? கமராவில இருக்கு. பொலிசுக்குக் குடுக்கட்டோ?"

உண்மைதான். களை ஏற்றும் லொறி வராத நாட்களில், சுமக்கும் நடையை மிச்சம்பிடிக்க, அள்ளியதை அந்த வெறுங்காணிக்குள் வீசினார்கள். ரபீக்கா முழங்கையால் இடித்தாள், சொல்லாதே என்று. யோசெப்பின் சொல்லியேவிட்டாள்.

"ஓம் ஐயா, எறிஞ்சனாங்கள். முதல் எறிஞ்சது நான்தான். அது எங்கட பிழை. லொறி அனுப்பாதது கவுன்மென்றின்ர பிழை. கிடங்கைத் தோண்டிப்போட்டுப் பூட்டினது உங்கட பிழை. மூண்டு பகுதியும் சேந்துதான் எடுக்கோணும்."

கேற்று அடித்துச் சாத்தப்பட்டது.

பக்கத்து பிளாட் பல்கனியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அருந்ததி ரீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவருடைய மகன் போன மாதம்தான் டெங்குவிலிருந்து தப்பினவன். பின்னால் இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்.

"நாகேந்திரம் அண்ணை! எங்கட பிளாட்டில இருபது வீடு. வாளியோட வாறம். நீங்கள் கேற்றை மட்டும் திறவுங்கோ!"

"திரும்பத் தண்ணிக்குள்ள இறங்குங்கோ!" என்று றேமண்ட் ஓடிவந்தான்.

"இந்தக் கேற்று திறந்தாப் பிறகு இறங்குறம், றேமண்ட் அண்ணை," என்று யோசெப்பின் நிலத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சேற்றுச் சேலைக்குப் பக்கத்திலேயே ரீச்சரும் உட்கார்ந்தார். ஒருவரும் அசையவில்லை. உள்ளே முதலாளியின் சாவிக்கொத்து கிலுங்கும் சத்தம் கேட்டது. கேற்று இன்னும் திறக்கவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படியொரு பூட்டிய காணி இருக்கும். அதன் முன்னால் யார் யார் உங்களோடு உட்கார்ந்தார்கள்? எழுதி அனுப்புங்கள்.