ஏழாம் லைன் டோக்கன்

காலை ஐந்தரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அதுவும் முழு டம்ளர் இல்லை, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே. அதோடு சரி. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்வரை சேரக்காவின் தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்கிறேன் என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். சொன்னதைச் செய்து காட்டியவள் இவள்.

சேரக்கா என்பது சட்டைக் கம்பெனியில் வைத்த பெயர். சக்கர நாற்காலியில் வருகிறவள், அதனால் சேர். வயது முப்பத்தைந்து, அதனால் அக்கா. வைத்தவர்களுக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு, கண்ணையும் கையையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் கண்ணையும் கையையும் வைத்துத்தான் பிழைப்பு ஓடியது. ஏழாம் லைனின் கடைசி மேசை அவளுடையது. முப்பத்திரண்டு பெண்கள் தைத்து முடித்த சட்டைகள் அவளிடம் வந்து சேரும். நூல் பிசிறுகளை வெட்டி, காலர் கோணலா, பொத்தான் தொங்குகிறதா என்று பார்த்து, பிழை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு கோணல் காலர் வெளியே போனதில்லை.

அவள் வேலைக்கு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சட்டை வாங்கும் நிறுவனத்து ஆட்கள் சுற்றிப்பார்க்க வந்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்குக் கழிவறை எங்கே என்று கேட்டார்களாம். அவர்கள் அடுத்த முறை வருவதற்குள், அலுவலகத்தை ஒட்டி அகலக் கதவோடும் பிடித்துக்கொள்ளக் கம்பியோடும் ஒன்றைக் கட்டி, கதவில் சக்கர நாற்காலிப் படத்தையும் ஒட்டிவிட்டார்கள். கட்டி முடித்த பிறகுதான் உள்ளே போக ஆளே இல்லை என்பது யாருக்கோ உறைத்தது. அதற்கப்புறம் ஆள் எடுத்தார்கள். ஊரில் ஆளுக்காகக் கழிவறை கட்டுவார்கள், இங்கே கழிவறைக்காக ஆள் பிடித்தார்கள்.

சரி, கட்டியதுதான் கட்டினார்கள், போய்வர வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் டோக்கன் குறுக்கே வந்தது.

ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். உள்ளங்கை அகலத்தில் ஒரு மரத்துண்டு, சிவப்புப் பெயின்ட், நடுவில் 7 என்ற எண். சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்து ஆணியில் அது கயிற்றில் தொங்கும். கழிவறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். அவள் வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். போன நேரமும் வந்த நேரமும் ஒரு நோட்டில் ஏறும்.

மற்ற பெண்களின் கழிவறை பின்கதவைத் தாண்டியதும் இருந்தது. இரண்டு படி ஏற வேண்டும், கதவு ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவு. சேரக்காவின் கழிவறையோ கட்டடத்தின் அந்தக் கோடியில். இயந்திரங்களுக்கு நடுவே இருந்த வழியில் துணிமூட்டைகள் கிடந்தன. அவற்றை நகர்த்தி, லாரியில் சரக்கேற்றும் சரிவில் இறங்கி, முற்றத்தைச் சுற்றிப் போக வேண்டும். சேர்ந்த முதல் வாரம் ஒரே ஒரு நாள் போனாள். லைனில் எல்லோரையும்விட உயரமான நெட்டச்சிதான் நாற்காலியைத் தள்ளினாள். போய்வர இருபத்தாறு நிமிடம் ஆனது.

திரும்பி வந்தபோது ஆணியையே பார்த்துக்கொண்டு நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் காலர் தைக்கிறவளுக்கு அன்று மாதவிலக்கு. காத்திருந்த நேரத்தில் உடுப்பெல்லாம் நனைந்துபோய், தைத்துக்கொண்டிருந்த சட்டையையே பின்னால் பிடித்து மறைத்தபடி சுவரோரமாகப் போனாள். யாரும் சேரக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"பாவம், அது என்ன பண்ணும்" என்றாள் ஒருத்தி.

அந்த "பாவம்" அவளைச் சுட்டது. அதன்பின் அவள் டோக்கன் பக்கம் கை நீட்டவே இல்லை.

தண்ணீரைக் குறைப்பது அவளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் அவள் போகிற மாதிரி கழிவறை கிடையாது. அதனால் ஆறு வயதிலேயே அம்மா பழக்கியிருந்தாள். "காலையில அரை டம்ளர் போதும் கண்ணு. அங்க யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாது, சரியா?" பாசத்தில் சொன்னதுதான். அம்மாவின் பாசம் முழுவதும் அந்த அரை டம்ளரில்தான் இருந்தது.

ஆறு மாதம் போனது. நோட்டைப் புரட்டிய மேனேஜர், அந்தக் கழிவறையை யாருமே பயன்படுத்துவதில்லை என்று கண்டுபிடித்தார். பொத்தான் பெட்டிகளை வைக்க இடமில்லாமல் ஸ்டோர்காரர் தவித்துக்கொண்டிருந்த நேரம். பெட்டிகள் உள்ளே போயின, சாவி ஸ்டோர்காரரின் இடுப்புக்குப் போனது. வாங்குகிறவர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் பெட்டிகளை வெளியேற்றி, பினாயில் ஊற்றிக் கழுவி, சேரக்காவைக் கதவருகே நிறுத்திப் படம் எடுப்பார்கள். "கொஞ்சம் சிரிங்கக்கா" என்பார் சூப்பர்வைசர். அவளும் சிரிப்பாள். படம் எடுத்து முடிந்ததும், தரையில் கால்தடம் படக் கூடாதென்று பூட்டிவிடுவார்கள்.

சூப்பர்வைசர் பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. அவளைவிட வயதில் சின்னவர், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். அவளை உச்சியில் தூக்கி வைத்துப் பேசுவார். அதில்தான் வினை வந்தது. எவளாவது ஒரு மணி நேரத்தில் இரண்டாம் தடவை டோக்கன் கேட்டுவிட்டால் போதும், கடைசி மேசையைக் காட்டுவார்.

"அங்க பாரு. நம்ம சேரக்கா. மூணு வருஷம் ஆகப்போகுது, மொத்தமே ஒரு தடவதான் டோக்கன் எடுத்திருக்காங்க. அவங்களாலயே அடக்க முடியுது, கையும் காலும் நல்லா இருக்கற உனக்கென்ன கேடு?"

சேரக்கா தலை நிமிராமல் நூல் பிசிறு வெட்டுவாள். மனதுக்குள் ஒரு மூலையில் பெருமையாகவும் இருக்கும், பொய் சொல்வானேன். காலம்பூராவும் பாவம் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அந்தப் பாராட்டு இனித்தது. ஒரு நாள் காலர்க்காரி, சட்டைக்கட்டை அவள் மேசையில் தொப்பென்று போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"உங்க பேரச் சொல்லியே எங்களச் சாகடிக்கறாரு அக்கா. ஒரு நாளாவது எடுத்துத் தொலைங்களேன்."

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை. காரணம் இருந்தது.

மூன்று வருடம் முடிந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்குக் கம்பெனிக் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்கும். தரைத்தளத்தில் மூலை அறை காலியாக இருந்தது. முன்பு அதில் இருந்த காவலாளிக்கு முழங்கால் வலி. அவர் சொல்லி வாசல் படியையும் உள்ளே கழிவறைப் படியையும் இடித்துச் சமப்படுத்தியிருந்தார்கள். நெட்டச்சி ஒருமுறை அவளை அங்கே தள்ளிக்கொண்டு போய்க் காட்டினாள். அறை நடுவே நாற்காலியை ஒரு முழு வட்டம் சுற்றினாள் சேரக்கா. எதிலும் இடிக்கவில்லை. கழிவறைக்குள் அவளே போனாள், அவளே கதவைச் சாத்தினாள், அவளே தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே நெட்டச்சி, "உள்ள தூங்கிட்டீங்களா?" என்று கேட்கும்வரை தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

அவள் இருந்தது தம்பி வீட்டில். கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் கட்டில். கழிவறை கொல்லைப்புறம், மூன்று படி. அம்மாதான் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்குவாள். அம்மாவுக்கு அறுபத்தாறு வயது, வலது தோள்பட்டை போய்விட்டது. தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வது முதுகுப்பக்கம் இருந்தாலும் இவளுக்குக் கேட்கும். தம்பி நல்லவன், தம்பி மனைவியும் குத்திப் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் அம்மா படுத்துவிட்டால் அந்தப் படிகளில் தன்னை யார் தூக்குவார்கள் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது தெரியும். அந்த மூலை அறை கிடைத்துவிட்டால் யாரும் கேட்க வேண்டியிருக்காது.

அதனால் பொறுத்தாள். இரண்டாம் வருடம் இடுப்புக்கு மேலே ஒரு வலி தொடங்கியது. அடிக்கடி குளிர்காய்ச்சல். சிறுநீர் எரிந்துகொண்டு போனது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினாள். லீவு போட்டால் நிரந்தரம் தள்ளிப்போகும் என்று காய்ச்சலோடே வந்து காலர் பார்த்தாள்.

நிரந்தரப் பட்டியலில் பெயர் வந்தது. எல்லோருக்கும் போல அவளுக்கும் உடல் பரிசோதனை. கம்பெனி டாக்டர் நடுவயதுப் பெண்மணி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு கிட்னி சுருங்கிப்போச்சு. இன்னொண்ணுல கல்லும் சீழும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"காலையில ஒரு டம்ளர். ராத்திரி வந்து குடிப்பேன்."

"ஏம்மா?"

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சேரக்கா டோக்கனைப் பற்றிச் சொன்னாள், பொத்தான் பெட்டிகளைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்குப் புரியுது. ஆனா இந்தப் படிவத்துல 'காரணம்'னு ஒரு கட்டமே இல்லம்மா. தகுதி உண்டு, இல்ல. ரெண்டுதான்."

இல்லை என்ற கட்டத்தில் கோடு விழுந்தது. நிரந்தரம் ஆகாதவர்களை மூன்று வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்பது கம்பெனி விதி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு கணக்கு முடியும் என்றார்கள்.

செய்தி லைன் முழுக்கப் பரவியது. கால் இப்படி இருந்தால் உள்ளே இருக்கிறதும் கெட்டுத்தானே போகும் என்று பேசிக்கொண்டார்கள். இந்த உடம்போடு மூன்று வருடம் உழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, இல்லை, அவள்தான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாளே, வாசலிலேயே நிறுத்தி, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. அந்தக் கதவே உங்களுக்காகக் கட்டினதுதானே."

வீட்டில் அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அம்மா வெகுநேரம் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அரை டம்ளர்னு பழக்கினவ நான்தானே" என்றாள் கடைசியில்.

 

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று அவள் இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனாள். மேசை மேல் வைத்து, ஊருக்கே தெரிகிற மாதிரி, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். தண்ணீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. மூன்று மணிக்குப் பாட்டில் காலி. சக்கரங்களை உருட்டிக்கொண்டு சூப்பர்வைசர் மேசைக்குப் போனாள்.

"டோக்கன் குடுங்க தம்பி."

அவர் சிரித்தார். "இன்னும் ரெண்டு மணி நேரந்தானேக்கா. வீட்டுக்குப் போயிடலாமே. மூணு வருஷ ரெகார்டு, கடைசி நாள்ல ஏன் கெடுத்துக்கறீங்க?"

"குடுங்க."

கொடுத்தார். அவள் அதைக் கழுத்தில் மாட்டினாள். நெட்டச்சி எழுந்துவந்து நாற்காலியைப் பிடித்தாள். மூட்டைகளை நகர்த்தி, சரிவில் இறங்கி, முற்றம் சுற்றி வந்தால் கதவில் பூட்டு. ஸ்டோர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆள் அனுப்பி, சாவி வந்து, கதவைத் திறந்தால் கூரைவரை பெட்டி. நெட்டச்சி முதல் பெட்டியை இறக்கினாள். ஏழாம் லைனிலிருந்து இன்னொருத்தி வந்தாள், அப்புறம் காலர்க்காரி, அப்புறம் ஐந்தாறு பேர். கழுத்தில் டோக்கன் இல்லாமல், சொல்லிக்கொள்ளாமல் வந்தார்கள். பெட்டிகள் கைமாறிக் கைமாறி முற்றத்துக்குப் போயின. பீங்கானின் வெள்ளை ஓரம் தெரிந்தது. இன்னும் எட்டுப் பெட்டி, ஏழு பெட்டி. சேரக்கா நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிக்கொண்டாள். அடிவயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

"நெட்டச்சி" என்றாள். "போதும். விட்டுடு."

நாற்காலிக்கு அடியிலிருந்து சிமென்ட் தரையில் ஈரம் பரவி வந்து, இறக்கிவைத்த பெட்டி ஒன்றின் ஓரத்தை நனைத்தது. சேரக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பாவம் என்ற சொல் வரும் என்று காத்திருந்தாள்.

அது வரவில்லை. காலர்க்காரி தோளில் கிடந்த, ஏற்றுமதிக்குப் போக வேண்டிய சட்டையை உதறி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். பிடித்துவிட்டுத் திரும்பி நின்றாள். பக்கத்தில் நெட்டச்சி வந்து நின்றாள், அதற்கடுத்து இன்னொருத்தி. சேரக்கா கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் முதுகுகள் மட்டும் தெரிந்தன. முற்றம் தெரியவில்லை.

வெளியே சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "என்னம்மா பண்றீங்க எல்லாரும்? நாப்பது நிமிஷம் ஆச்சு. அங்க லைன் நிக்குது!"

சேரக்கா டோக்கனைக் கழற்றவில்லை.

"நிக்கட்டும்" என்றாள்.