உள்ளூர்க் கிடங்கு

காலை நெரிசல் தொடங்கியதும் கண்காணிப்பு அறையின் பெரிய திரையில் சிவப்புக் கோடுகள் ஏறின. அண்ணன் அப்போதுதான் திறந்த சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலிக்காரர் போனைத் தோளில் இடுக்கியபடி, "பாத்துட்டு இருக்கோம் சார், பாத்துட்டேதான் இருக்கோம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிகளுக்கு முன்பதிவு மென்பொருள் நடத்தும் கம்பெனி அது. கூட்டம் கூடினால் கிளஸ்டர் என்கிற மெஷின் தொகுப்பில் புது மெஷின்கள் தானாக எழும். எழுகிற ஒவ்வொன்றும் தான் ஓட்ட வேண்டிய நிரலை, கன்டெய்னர் இமேஜ் என்கிற பொதியாக, இணையத்தில் எங்கோ இருக்கும் பொதுக் கிடங்கிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரே முகவரியிலிருந்து அளவுக்கு மேல் கேட்டால் கிடங்கு கதவைச் சாத்திவிடும். கம்பெனியின் மெஷின்கள் எல்லாம் ஒரே முகவரியில்தான் வெளியே போயின. கதவு சாத்தியதும் புது மெஷின்கள் வெறுங்கையோடு நிற்கும். ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நீளும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினிலிருந்து பொதியை நகலெடுத்து, நிற்கிற மெஷினில் கையால் ஏற்றிவிடுவது அண்ணனின் வேலை.

தங்கைக்கு மேல்மாடியில், மெஷின்களை அமைக்கும் குழுவில் வேலை. மேலாளரிடம் நடையாய் நடந்து அவளை அங்கே சேர்த்துவிட்டவனே அண்ணன்தான். அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தாள்.

மதியம் அவள் கீழே வந்தபோது டப்பா மூடியபடியே இருந்தது.

"இன்னும் சாப்பிடலையாண்ணா?"

"உங்க மெஷினுங்க பசி பசின்னு கத்துதே. அதுங்களுக்கு ஊட்டிட்டுதானே நான் சாப்பிடணும்?"

"ஒரே பொதிய ஒவ்வொண்ணும் தனித்தனியா வெளிய போய்த் தூக்கிட்டு வருது. நடுவுல நாமளே ஒரு ப்ராக்ஸி வெச்சா என்ன? முதல்ல கேக்கறவனுக்காக அது போய் வாங்கிட்டு வந்து உள்ள வெச்சுக்கும். அடுத்தவனுக்கு இங்கேருந்தே குடுத்துடும்."

"கல்யாண வீட்டுல ஆளுக்கு ஆள் கடைக்கு ஓடாம மூட்டையா எறக்கி வெச்சுக்கற மாதிரி."

"அதேதான்."

"செய்டி தாயே. ஒரு நாளாவது சூடா சாப்பிடறேன்."

எதைக் கேட்டாலும் 'பாக்கலாம்' என்பதால் மேலாளருக்குப் பாக்கலாம் சார் என்றே பெயர். இதற்கு மட்டும் உடனே "செய்யுங்க" என்றார்.

சும்மா கிடந்த ஒரு மெஷினில் பெரிய வட்டு மாட்டி ப்ராக்ஸியை எழுப்பினாள். மற்ற மெஷின்கள் அதை நம்ப மறுத்தன. அதன் சான்றிதழ் அவற்றுக்குத் தெரியாது. யார் நீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் சான்றிதழை அறிமுகப்படுத்தி, முதலில் இங்கே கேள், இங்கே இல்லையென்றால் வெளியே போ என்று எழுதி வைத்தாள். ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு மெஷினில் பொதியை இழுத்தான். வழக்கம்போல மெதுவாக வந்தது. அடுத்த மெஷினில் இழுத்தான். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் வந்து நின்றது.

"அடேங்கப்பா!" மேசையைத் தட்டினான். "இரு, அழிச்சிட்டு இன்னொரு தடவ இழுக்கறேன்."

அழித்து அழித்து இழுத்துப் பார்த்தான். பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தது அவன் முகம்.

அதற்குப்பின் திரையில் சிவப்பு ஏறவில்லை. கண்காணிப்பு அறையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் போன் செத்துப்போச்சா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார்.

பாக்கலாம் சார் தங்கையைக் கம்பெனிப் பெரிய அதிகாரிகள் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அவள் விளக்கி முடித்ததும் கைதட்டினார்கள். மேசைக் கோடியில் இருந்தவர், "அப்ப கீழ் ரூம்ல இப்ப என்ன வேலை நடக்குது?" என்று கேட்டார்.

கைதட்டல் அவள் காதிலிருந்து இன்னும் இறங்கவில்லை. "பெருசா ஒண்ணும் இல்ல சார். ஒருத்தர் இருந்தாலே போதும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

அவர் மேலாளரைப் பார்த்துத் தலையசைத்தார். படி இறங்கும்போதுதான் அவள் தான் சொன்னதைத் திரும்ப ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

கண்காணிப்பு அறைக்காரர்களை ஒவ்வொருவராக மேலே கூப்பிட்டார்கள். கடைசியாகச் சேர்ந்த, குறைந்த சம்பளக்காரன் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் தங்கை மேலாளரிடம் ஓடினாள்.

"சார், வட்டு நெறஞ்சா பாக்கணும், பழைய பொதி தங்கிட்டா தூக்கணும். ஒரு ஆளால முடியாது சார். எங்க அண்ணனையாவது..."

"நீங்கதானேம்மா ஒருத்தர் போதும்னீங்க? நானா சொன்னேன்?" என்றார். அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, "பாக்கலாம்" என்றார்.

வீட்டில் அண்ணி அவளுக்குத் தட்டு வைத்தாள். "நல்ல வேலை செஞ்ச. ஊரே மெச்சற மாதிரி வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தங்கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அண்ணா, நான் வேணும்னு சொல்லல."

"நீ சொன்னது பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பொய் சொல்லியா எனக்கு வேலை வாங்கித் தரணும்?" தண்ணீர்ச் சொம்பை எடுத்தவன் குடிக்காமல் வைத்தான். "ஆனா ஒருத்தர் போதும்னு சொன்னியே, அந்த ஒருத்தர் யாருன்னும் சேத்துச் சொல்லியிருக்கலாம்."

திங்கட்கிழமை அவளை அவன்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். அந்தச் சாலையில் பஸ் கிடையாது. வேலைக்குப் போகிறவன் போலவே இஸ்திரி போட்ட சட்டை, தேய்த்துத் துடைத்த செருப்பு. வாசலில் காவலாளி, அவனோடு தினமும் டீ குடித்தவர், குறுக்கே வந்து நின்றார்.

"கார்டு..." என்று இழுத்தார்.

அண்ணனின் கை மார்புக்குப் போய் வெறுமனே இறங்கியது.

காவலாளி மேலே கேமராவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. வெளியாளுங்க வண்டி மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கக் கூடாதாம்."

"அட, அதனால என்ன" என்று சிரித்தான் அண்ணன். தங்கை இறங்கிக்கொண்டாள். இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது.

அவள் கார்டைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. கோட்டுக்கு அப்பால் அண்ணன், கிளம்ப மறுத்த வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். போன வாரம்வரை அவளைப் பாப்பா என்று கூப்பிட்ட காவலாளி, "குட் மார்னிங் மேடம்" என்று விறைப்பாக சல்யூட் அடித்தார்.