நான்காவது பெயர்

அவள் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். யார் வந்து லோகோ கேட்டாலும் உடனே பென்சிலை எடுக்கமாட்டாள். அவர்கள் இடத்துக்குப் போய் அரை நாள் சும்மா உட்கார்ந்து பார்ப்பாள். "அடையாளம்னா அலங்காரம் இல்லைங்க. உள்ள இருக்கறதுதான் வெளிய தெரியணும்" என்பாள்.

முதியோர் இல்லத்துக்காரர் விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிட்டாள். மனிதர் அப்படி அவசரப்படுத்தினார்.

"ஆறே நாள்ல புதுப் பேரோட திறக்கணும் மேடம். பார்த்ததும் பிள்ளைங்களுக்கு மனசு உறுத்தக் கூடாது. அவ்வளவுதான்."

உருண்டையான எழுத்து, இளவெயில் மஞ்சள், பாதி திறந்த கதவு. பெயர்ப்பலகை, விளம்பரத் தாள் எல்லாவற்றையும் மூன்றே நாளில் அனுப்பிவிட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் இல்லத்துக்கே போய் நின்றாள்.

மாடிப்படிக்கு அடியில் மூன்று பழைய பலகைகள் கிடந்தன. பெயர்தான் வேறு வேறு. போன் நம்பர் ஒன்றே. உள்ளே நீண்ட நடைவழியில் எல்லா அறைக்கும் வெளியே தாழ்ப்பாள். ஒரு கதவின் அடியில் நான்கு விரல்கள் தெரிந்தன. அவள் குனிந்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டன.

இல்லத்துக்காரர் பின்னாலேயே வந்துவிட்டார். "ஞாபகமறதிக்காரங்க மேடம், ஓடிப்போயிடுவாங்க. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"இந்த வேலை எனக்கு வேண்டாம். நான் அனுப்பினதை அழிச்சிடுங்க."

"அச்சுக்குப் போயாச்சே" என்று சிரித்தார்.

அரசு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, "பார்க்கறோம்" என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் போன் செய்தான். அப்பா அவனோடுதான் இருந்தார். பேச உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி வந்தாலும் விடாத மனிதர்.

"அண்ணிக்கு முடியலம்மா. அப்பாவை ஒரு இல்லத்துல விட்டுட்டேன், எட்டு நாளாச்சு. நீ கத்துவேன்னுதான் சொல்லல. நல்ல இடம். அவங்க நோட்டீசைப் பார்த்தாலே நிம்மதியா இருக்கு."

"நோட்டீசு... என்ன கலர்?"

"மஞ்சள். ஏன்?"

ஒரு மணி நேரத்தில் அண்ணனை இழுத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றாள். மேலே அவள் வரைந்த கதவு பளபளத்தது.

"ஞாயித்துக்கிழமைதான் பார்க்க முடியும்" என்றான் காவலாளி.

"பார்க்க வரல. கூட்டிட்டுப் போக வந்திருக்கோம். திறக்கறியா, போலீசைக் கூப்பிடட்டுமா?"

நாற்பது நிமிடம் காக்க வைத்தார்கள். அப்பா யாருடையதோ ஒரு சட்டையில் வந்தார். அண்ணனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. காரின் பின்சீட்டில் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

தலையை மட்டும் ஆட்டினார். கார் இரண்டு தெரு தாண்டியது. அவர் ஒருமுறை திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"இப்ப பேசலாமாம்மா?"