சீட் உறைக்கு ஒரு பத்தாவது வண்டி

1963இல், இலங்கை மலைநாட்டில் உள்ள ஹட்டனின் வாடகைக் கார் ஸ்டாண்டில் ஒன்பது வண்டிகள் நின்றன. ஒன்பது சொந்தக்காரர்களும் வண்டிப் பைத்தியங்கள். மழை விட்டதும் துணியும் கையுமாகத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து புது வண்டிகள் வருவது நின்றுபோன காலம்; இருப்பதைத்தான் அழகு பார்க்க வேண்டும்.

ஆஸ்டின் வைத்திருந்த அழகுமுத்துவுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லா வண்டிக்கும் ஒரே படம் அச்சடித்த சீட் உறை. கூடவே அவரவர் வண்டி நம்பர். கொழும்பில் துணிக்கு அச்சுப் போடும் ஒரு பட்டறைக்கு எழுதிக் கேட்டான். பத்து வண்டிக்குக் குறைந்தால் முடியாது என்று பதில் வந்தது.

பத்தாவது வண்டி, முன்பு இதே ஸ்டாண்டில் ஓட்டிய நல்லமுத்துவிடம் இருந்தது. ஆனால் அவருடைய ஃபோர்ட் பிரிஃபெக்ட் கியர் பாக்ஸ் உடைந்து, இரண்டு வருடமாக வீட்டுக்குப் பின்னால் செங்கல் மேல் நின்றது. மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை. அவர் மரக்காலையில் பலகை சுமக்கப் போய்விட்டார். அழகுமுத்து அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டான்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு தம்பி உறை? ஊரே சிரிக்கும்."

"நீங்க சேரலைன்னா எங்களுக்கும் இல்லைங்கண்ணே."

அவர் மனைவி அம்மாக்கண்ணு உள்ளேயிருந்து வந்தாள். "அளவு எடுத்தா என்ன கொறைஞ்சா போகும்? எடுங்க தம்பி."

கதவைத் திறந்ததும் பின் சீட்டிலிருந்து இரண்டு கோழிகள் குதித்து ஓடின. அழகுமுத்து அளவு நாடாவைப் பிடிக்க, நல்லமுத்து வைக்கோலை வாரி வெளியே போட்டார். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியைத் துண்டால் துடைத்தார்.

என்ன படம் போடுவது என்று ஸ்டாண்டில் ஒரு வாரம் சண்டை. சிலர் வேல் கேட்டார்கள். சிங்களவரான பண்டா, சிங்கம் என்றார். கரீம் பாய் பிறை என்றார். ஞாயிற்றுக்கிழமை நல்லமுத்துவும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்டியரிங்கைப் போடுங்கப்பா. அதைப் புடிக்காத கை இங்க இருக்கா?"

யாரும் மறுக்கவில்லை.

முதலில் மாதிரித் துணி வந்தது: கரும்பச்சையில் மஞ்சள் ஸ்டியரிங். அழகுமுத்து அதைத் தன் வண்டியில் விரித்துக்கொண்டு வட்டகொடைக்குச் சவாரி போனான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் சோமசுந்தரம் துணியைப் பார்த்துவிட்டார். தன் மொரிஸ் மைனரையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று நின்றார்.

செய்தியைக் கேட்ட நல்லமுத்து, "அப்ப நான் இல்லாமலே பத்தாயிடுச்சு. என் பேரை வெட்டிருங்க தம்பி" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வெட்ட மாட்டேன்ணே. கிளாக்கர் ஐயா கொட்டகையில என்ன கெடக்குன்னு தெரியுமா? அவரோட பழைய பிரிஃபெக்ட். லாரி இடிச்சுப் பின்பக்கம் நசுங்கிப் போச்சு. கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. கழட்டிக்கங்கன்னு சொல்லிட்டாரு."

அம்மாக்கண்ணுதான் முந்திக்கொண்டு கேட்டாள்: "எப்பப் போறீங்க?"

கழற்றி வர ஒரு ஞாயிறு, பூட்ட ஒரு ஞாயிறு. பண்டாதான் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய் முகத்தோடு எழுந்தார். முதல் ஓட்டத்தில் வண்டி பத்தடி போய் நின்றது. மறுபடி கழற்றிப் பூட்டினார்கள். அப்புறம் அது இருமிக்கொண்டே மேட்டில் ஏறியது. செங்கல் இருந்த இடத்தில் நின்று அம்மாக்கண்ணு அழுதாள், உடனே சிரித்தாள்.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு உறைப் பொதி வந்த காலையில் பதினோரு வண்டிகள் வரிசையில் நின்றன. உறைகளை மாட்டி முடித்ததும் பொகவந்தலாவைக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் வந்தது. வரிசைப்படி அன்றைய முதல் சவாரி அழகுமுத்துவுடையது.

"அண்ணன் வண்டியில ஏறுங்க" என்றான் அவன்.

நல்லமுத்து கதவைத் திறந்துவிட்டார். இரண்டாம் கியர் இன்னும் அவ்வப்போது நழுவிக்கொண்டுதான் இருந்தது. வளைவுகளில் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டிப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் மரக்காலை முதலாளியிடம் போய், இனி வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தார்.